பஸ்ஸில் பிள்ளை அழுதால் என்ன செய்வது?

தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில், ஒரு வீட்டுக்குள் பால்மா டின் எப்படி வந்தது என்று கேட்டால், முதலில் வரும் பதில் "அம்மாவுக்குப் பால் பத்தல" என்பதுதான். கிளினிக்கில் கொஞ்சம் உட்காரவைத்துப் பேசினால் கதை மாறும். "கொழும்புல ஒரு கல்யாணம் மிஸ், பஸ்ல அழுதா என்ன செய்றதுன்னு போத்தல் வாங்கினோம்." "ஐடி எடுக்கப் போனேன், கியூவில நாள் முழுக்க நிக்கணும்னு மாமி வாங்கித் தந்தாங்க." ஒரே ஒரு பயணத்துக்கென்று வாங்கிய டின் அது. முடிவதற்குள் அடுத்த பயணம் வந்துவிடும். பிறகு பிள்ளையின் வளர்ச்சி அட்டையில் கோடு படுக்கத் தொடங்கும்போது நான் கேள்வி கேட்பேன், அவர்கள் "பால் பத்தல" என்பார்கள்.

நான் இலங்கை மலையகத்தில் ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வேலை செய்யும் குடும்பநல உத்தியோகத்தர். அப்படிச் சொன்னால் இங்கே யாருக்கும் புரியாது, மிட்வைஃப் மிஸ் என்றால் புரியும். பிள்ளை பிறந்து முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவையாவது வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது எங்கள் கடமை. அந்த நாட்களில் எந்த லயத்திலும் யாரும் வெட்கப்பட்டுப் பார்த்ததில்லை. வாசல் படியில் இருந்து, பக்கத்து வீட்டு அக்காவோடு கதைத்துக்கொண்டே பால் கொடுப்பார்கள். நடுவில் யாராவது ஆண் வந்தால் முந்தானை ஒரு சாண் நகரும், அவ்வளவுதான். வெட்கம் பஸ் ஏறும்போதுதான் வருகிறது.

தாய்ப்பால் விஷயத்தில் இலங்கைக்கு உலகத்தில் நல்ல பெயர். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் 82 சதவீதம் பேருக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கப்படுகிறது. அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம், தோட்டங்களில் மட்டும் 31.7 சதவீதம். இதற்கு வறுமை, தாயின் இரத்தச்சோகை, எடை குறைந்த பிறப்பு என்று பல காரணங்கள் இருக்கின்றன. தாய்ப்பால் ஒன்றே இதைச் சரிசெய்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இப்படிப்பட்ட இடத்தில் சூப்பிப் போத்தல் என்ன செய்யும் என்பதைத் தினமும் பார்க்கிறேன். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பால்மா விலை ஏறிய ஏற்றத்தில், நாலு கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டு கரண்டி போடுகிறார்கள். தண்ணீர், மலையிலிருந்து வழியும் பீலியில் பிடித்தது. விறகு நனைந்திருந்தால் அது சரியாகக் கொதித்திருக்காது.

"ஒரு நாள்தானே மிஸ்" என்பார்கள். இறைக்கிற கிணறுதான் ஊறும். காலையில் புறப்பட்டு மாலை வரை பால் கொடுக்காமல் இருந்தால் மார்பு கல்லாகிவிடும், வலி தாங்காது, சிலருக்குக் காய்ச்சலும் வரும். பால் கட்டியதைக் கவனிக்காமல் விட்டு, சீழ் பிடித்து, ஆஸ்பத்திரியில் கீறி எடுக்க வேண்டிய நிலைக்குப் போனவர்களும் உண்டு. அத்தோடு, உள்ளே தேங்கிய பால் "இனித் தேவையில்லை" என்று உடம்புக்குச் சொல்லிவிடும், சுரப்பு குறையும். போத்தலில் சுலபமாக இழுத்துப் பழகிய பிள்ளை அடுத்த நாள் மார்பில் முகத்தைத் திருப்பும். பயந்து, கூச்சப்பட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டே கொடுத்தாலும் பால் சட்டென்று இறங்காது. மனம் பதறினால் பாலை இறக்கும் ஹோர்மோன் தடைப்படும். பிள்ளை கத்தும், தாய் இன்னும் பதறுவாள், பக்கத்து சீட்டில் இருப்பவர் "பால் இல்லை போல" என்று தீர்ப்புச் சொல்வார்.

சரி, அவளைப் பயமுறுத்துவது யார்? அந்நிய ஆண்கள் என்று நினைப்போம். முறைக்கிறவர்கள், போனைத் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்ட வரைக்கும் "இங்க வேணாம்" என்று முதலில் சொல்வது கூடவே வந்தவர்கள். கணவன் காதோரம் "ஆளுங்க பாக்குறாங்க" என்பான். லயத்தில் அதே மனிசன் கண்ணெதிரே பால் கொடுத்தபோது வாயே திறக்காதவன். மாமியார் வேறு காரணம் சொல்வார்: கண்ணு பட்டுரும், பால் வத்திரும்.

இதற்கெல்லாம் அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. டவுனுக்கு வந்தால் நம்மைத் "தோட்டத்து ஆள்" என்று பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம். நல்ல சுரிதார், பிள்ளைக்குத் தொப்பி, கையில் பால் போத்தல் என்றால் டவுன் குடும்பம் மாதிரித் தெரியும். நெஞ்சோடு அணைத்துப் பால் கொடுத்தால் மலையிலிருந்து நேராக இறங்கி வந்த மாதிரித் தெரியும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒரு இளம் தாய் மட்டும் ஒருமுறை சொன்னாள், வங்கியில் பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தொடங்கியதும் அங்கே வேலை செய்யும் ஒருவர் வந்து, "இது தோட்டம் இல்லை" என்றாராம். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டாள், வந்த வேலையும் முடியவில்லை. சொல்லும்போது அவள் அழவில்லை, எனக்குத்தான் கோபம் வந்தது. அந்த மனிதருடைய பாட்டியும் எந்த லயத்தில் யாருக்குப் பால் கொடுத்தாரோ.

பொது இடத்தில் பால் கொடுப்பது குற்றம் என்று இலங்கையின் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதற்காக உங்களை எழுப்பி அனுப்பும்படி கண்டக்டருக்கோ கவுண்டரில் இருப்பவருக்கோ எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பால் கொடுக்கும் பெண்ணிடம் அசிங்கமாகப் பேசுவது, சீண்டுவது வேறு விஷயம். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் பாலியல் தொந்தரவு குற்றம், வார்த்தையால் செய்தாலும் குற்றம்தான். பொலிஸில் சொல்லலாம், 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

டவுனை விட்டுவிட்டு மலைக்கு வருவோம். அங்கே கூச்சம் பிரச்சினை இல்லை, நேரம்தான் பிரச்சினை. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளிக்கும் உரியது. முன்பு மூன்றாவது பிள்ளையிலிருந்து லீவைப் பாதியாக வெட்டுவார்கள், 42 நாள்தான். 2018இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள். அதில் இரண்டு வாரம் பிரசவத்துக்கு முன்பே போய்விட்டால், தாய் மறுபடி கூடையைத் தூக்கும்போது பிள்ளைக்கு இரண்டரை மாதம்கூட ஆகியிருக்காது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடு என்று நாங்கள் கிளினிக்கில் சொல்கிறோம். இரண்டரைக்கும் ஆறுக்கும் நடுவில் அவள் என்ன செய்வாள்?

அதற்கும் அதே சட்டத்தில் பதில் இருக்கிறது, தெரிந்தவர்கள்தான் குறைவு. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு, ஒன்பது மணி நேரத்துக்குள் இரண்டு தடவை பாலூட்டும் இடைவேளை கொடுக்க வேண்டும். வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவோ பொருத்தமான வேறு இடமோ இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. தேத்தண்ணி நேரம், சாப்பாட்டு நேரம் எல்லாம் தனி, இவற்றை அதில் கழிக்கக்கூடாது. கர்ப்பமானதற்காகவோ பிள்ளை பெற்றதற்காகவோ வேலையை விட்டு நிறுத்தவும் கூடாது.

எழுத்தில் நன்றாக இருக்கிறது. மலையில் எப்படி நடக்கிறது? கொழுந்து எடுக்கும் மலையிலிருந்து பிள்ளைக் காம்பராவுக்கு ஏற்ற இறக்கமாக நடந்தே இருபது நிமிடம் போகும். திரும்பி வர அதே தூரம். அரை மணி நேரம் நடையிலேயே முடிந்துவிட்டால் பால் கொடுப்பது எப்போது? வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: இங்கே ஒரு நாள் வேலைக்குப் பெயர் 'பேர்'. தோட்டம் குறித்த கிலோவை எடுக்காவிட்டால் அரைப் பேர்தான் விழும். பல தோட்டங்களில் அது 18 கிலோ, 20 கிலோ. இரண்டு தடவை பிள்ளையிடம் போய் வருகிறவளுக்குக் கொழுந்து குறையாமல் என்ன செய்யும்? போகக்கூடாது என்று கங்காணி தடுப்பதில்லை, அவளாகவே போகாமல் விட்டுவிடுவாள். தராசு அந்த வேலையைச் செய்துவிடும்.

இதைத் தோட்டத்தில் பேசித் தீர்க்க முடியும், தீர்த்த இடங்களையும் பார்த்திருக்கிறேன். பால் கொடுக்கும் தாய்மாரைப் பிள்ளைக் காம்பராவுக்குக் கிட்ட உள்ள மலையில் போடலாம். அவர்களுக்குக் கிலோவைக் குறைத்துக் கணக்கெடுக்கலாம். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் நின்று தனியாகக் கேட்க ஒரு பெண்ணுக்குத் துணிச்சல் வராது. மாதர் சங்கம், தொழிற்சங்கத் தலைவர், பிள்ளைக் காம்பராவைப் பார்க்கும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் மூவரும் சேர்ந்து கேட்டால் நிர்வாகம் காது கொடுக்கும். கொடுக்காவிட்டால் தொழில் திணைக்களத்தின் பக்கத்துக் காரியாலயத்தில் முறைப்பாடு எழுதலாம். அதில் "இடைவேளை தரவில்லை" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த மலை, எவ்வளவு தூரம், எந்த நாளில் அரைப் பேர் விழுந்தது என்று எழுதினால்தான் அதிகாரிக்குக் கையில் பிடி கிடைக்கும்.

மலையில் கேட்கும் இரண்டு பேச்சுகளையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மழையில் நனைந்து வந்தவளின் பால் குளிர்ந்துவிடும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பது ஒன்று. வெயிலில் நின்று வந்தால் சூட்டுப்பால், பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது மற்றது. பால் எப்போதும் உடம்புச் சூட்டிலேயே இருக்கும், மழைக்கும் வெயிலுக்கும் மாறாது. இடுப்பில் கட்டிய நனைந்த படங்கையும் துணியையும் மாற்றி, கையைத் துடைத்துச் சூடாக்கிக்கொண்டு பிள்ளையைத் தூக்குங்கள், நடுங்காமல் இருக்கும், அது உண்மை. பாலைக் கீழே விடாதீர்கள். வயதான அம்மாமாரோடு இதற்காக நான் சண்டை போடுவதில்லை. "சரி அம்மா, அவ ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு கொடுக்கட்டும்" என்பேன். தாய்க்கும் பத்து நிமிட ஓய்வு கிடைக்கும், பாட்டியின் மனமும் ஆறும்.

பயணத்துக்கு வருவோம். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு, குறிப்பாக ரிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்கு, பிள்ளையோடு போகிறவர்கள் பலர். பதுளைப் பக்கம் இருந்து உடரட்ட மெனிக்கே ரயிலில் ஏறினால் பகல் முழுவதும் பயணம்தான். சேலை கட்டிய காலத்தில் முன்பக்கக் கொக்கியும் முந்தானையும் இருந்தன, பிரச்சினையே இல்லை. பின்னால் சிப் வைத்த சுரிதார்தான் பாதித் தொல்லைக்குக் காரணம். முன்னால் திறக்கிற சட்டை, அல்லது நெஞ்சுப் பக்கம் இரண்டு மறைவு சிப் வைத்துத் தைத்த சட்டை போடுங்கள். தையல் அக்காவிடம் சொன்னால் ஒரு மணி நேர வேலை. மேலே பருத்திச் சால்வை ஒன்று. பிள்ளையின் முகத்தை மூட வேண்டாம், அதற்கு மூச்சும் வேண்டும், உங்கள் முகமும் வேண்டும். பஸ்ஸில் முன் சீட்டுகளில் கர்ப்பிணித் தாய்மாருக்கு என்று எழுதியிருக்கும், கைப்பிள்ளையோடு போனாலும் கூசாமல் கேளுங்கள். யன்னல் பக்கம் நீங்கள், வெளிப்பக்கம் கணவர். அவர் முதுகைக் கொஞ்சம் திருப்பி உட்கார்ந்தால் அதுவே ஒரு மறைப்பு. கினிகத்தேனை வளைவுகள் வருவதற்கு முன்பே பால் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் உங்கள் சட்டையில்தான்.

பிள்ளையை வீட்டில் விட்டுப் போக வேண்டிய நாளில், சுத்தமான கையால் பீய்ச்சி, மூடியுள்ள பாத்திரத்தில் வைத்தால் சாதாரண அறையில் நாலு மணி நேரம் இருக்கும். அடுப்பில் வைத்துக் காய்ச்சாதீர்கள். சுடுதண்ணீருக்குள் பாத்திரத்தை வைத்துக் குளிர் போனதும் கோப்பையாலும் கரண்டியாலும் கொடுக்கலாம். சூப்பி தேவையில்லை. கடையிலும் காரியாலயத்திலும் வேலை செய்கிற தாய்மாருக்கும் இதே வழிதான். ஆனால் அவர்கள் பீய்ச்சுவதற்கு ஒரு இடம் வேண்டும். இப்போதைக்கு ஸ்டோர் ரூம், இல்லாவிட்டால் டொய்லட்.

தமிழ்நாட்டில் 2015இல் அரசே பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. நம் பக்கம் அப்படி வந்தால் நல்லதுதான். ஆனால் பூட்டுப் போட்டுச் சாவியை யாரோ கொண்டுபோன அறையைவிட, திறந்த பெஞ்சும் பார்வையைத் திருப்பத் தெரிந்த ஆட்களும் மேல் என்று எனக்குத் தோன்றும். அறை வேண்டும் என்கிறவர்கள் சில நேரம் "அறை இருக்கே, அங்கே போ" என்று விரட்டவும் அதையே பிடித்துக்கொள்வார்கள். அறை, தேடுகிற தாய்க்கு. தேடாதவள் இருந்த இடத்திலேயே கொடுக்கட்டும்.

டவுனில் புடவைக் கடை வைத்திருக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களிடம் உடுப்பு போட்டுப் பார்க்கும் அறை ஏற்கனவே இருக்கிறது. அதில் ஒரு நாற்காலியைப் போடுங்கள். எங்கள் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் போட்டுவிட்டு, போர்டில் என்ன எழுதலாம் என்று என்னிடம் கேட்டார். "பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம், ஒன்றும் வாங்கத் தேவையில்லை" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதச் சொன்னேன். இரண்டாவது பாதியை எழுத அவர் கொஞ்சம் யோசித்தார், பிறகு எழுதிவிட்டார்.