கடைமடை வீட்டு பிராட்பேண்ட்

வேலூர் சத்துவாச்சாரியில் வள்ளலார் பக்கம் என் மாமா வீடு. ஃபைபர் வருவதற்கு முன்னால், லேண்ட்லைன் கம்பியிலேயே நெட் ஓடிய காலத்தில், 2 எம்பிபிஎஸ் பிளானை 8-க்கு மாற்றிக்கொண்டார். மாத வாடகை ஏறியது. வேகம் மூன்றைச் சுற்றியே நின்றுவிட்டது. அதைக்கூடப் பொறுத்திருப்பார். பிளான் மாற்றிய நாளிலிருந்து, விளக்கு வைக்கிற நேரம் ஆனால் மோடமில் டிஎஸ்எல் விளக்கு அணைவதும் எரிவதுமாக இருந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. "பழைய பிளான்ல ஒரு நாளும் இப்படி இல்லப்பா. காசையும் கூடக் குடுத்து, இருந்ததையும் கெடுத்துக்கிட்டேன்."

அத்தை ஒரு கைவைத்தியம் வைத்திருந்தார். நெட் போனால் லேண்ட்லைன் ரிசீவரை எடுத்து அரை நிமிடம் காதில் வைத்திருப்பார். பல தடவை நெட் திரும்பி வந்துவிடும். மாமா அதைக் கேலி செய்வார். ஆனால் அந்த வீட்டில் யாரும் சொல்லாத உண்மையான துப்பு அதில்தான் இருந்தது.

முதலில் கம்பியின் கதை. லேண்ட்லைனுக்கு வரும் இரண்டு செம்புக் கம்பிகளும் பேச்சுக்காகப் போடப்பட்டவை. பேச்சுக்கு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை போதும். கம்பியோ அதற்கு மேலும் கொண்டுபோகும். லேண்ட்லைன் கம்பியிலேயே நெட்டை ஓட்டும் முறையான ஏடிஎஸ்எல் அந்த மிச்ச இடத்தில் 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை எடுத்துக்கொண்டது. அடுத்து வந்த ஏடிஎஸ்எல் 2 பிளஸ் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போனது. இவ்வளவு இடத்தையும் ஒரே பாதையாக வைத்துக்கொள்வதில்லை. 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் சின்னச் சின்ன வாய்க்கால்களாகப் பிரிக்கிறார்கள். ஏடிஎஸ்எல்லில் 256 வாய்க்கால், 2 பிளஸ்ஸில் 512. ஒவ்வொன்றிலும் வினாடிக்கு 4000 தடவை தகவல் போகும். நல்ல வாய்க்கால் என்றால் ஒரு தடவைக்கு 15 பிட் வரை சுமக்கும், மோசமானது இரண்டு மூன்று, செத்தது சுழி.

மோடமைப் போட்டதும் விளக்கு சற்று நேரம் மினுக்குகிறதே, அப்போது நடப்பது இந்தக் கணக்கெடுப்புதான். எக்ஸ்சேஞ்சில் உள்ள கருவியும் வீட்டு மோடமும் ஒவ்வொரு வாய்க்காலாகச் சோதித்து, இதில் எவ்வளவு சத்தம், எவ்வளவு சிக்னல், எத்தனை பிட் ஏற்றலாம் என்று பேசி முடிவு செய்கின்றன. எல்லாவற்றையும் கூட்டினால் வருவது அந்தக் கம்பியின் வேகம். பிளான் என்பது அதற்கு மேல் அலுவலகத்தில் போடும் உச்சவரம்பு. 8 என்று வரம்பை உயர்த்தினால் கம்பி 8 தரும் என்று யாரும் சொல்லவில்லை. "வரை" என்ற சொல்லை விளம்பரத்தில் சின்ன எழுத்தில் போடுவது சும்மா இல்லை.

2004-இல் மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை 256 கேபிபிஎஸ் கிடைத்தாலே அது பிராட்பேண்ட் என்றது. நான் சொன்ன கணக்கில் அதற்கு ஒரு தடவைக்கு 64 பிட் போதும். கிட்டத்தட்ட எந்த ஓட்டைக் கம்பியும் பாஸ். அந்த வரையறை 2013-இல் 512 ஆகி, 2023-இல் 2 எம்பிபிஎஸ் ஆனது. வேகத்தை ஏற்ற ஏற்ற, அதுவரை மறைந்திருந்த கம்பியின் வண்டவாளம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

பிரௌசரில் 192.168.1.1 என்று அடித்து மாமாவின் மோடமைத் திறந்தோம். மூன்று எண்கள்தான் முக்கியம். லைன் அட்டெனுவேஷன் 52 டெசிபல். எஸ்என்ஆர் மார்ஜின், அதாவது சத்தத்துக்கு எதிரான கையிருப்பு, 6 டெசிபல். வேகம் 3.6 எம்பிபிஎஸ்.

அட்டெனுவேஷன் என்றால் வழியில் தேய்ந்துபோன அளவு. ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் பத்தில் ஒரு பங்காகக் குறையும். 52 என்றால் எக்ஸ்சேஞ்சில் புறப்பட்டதில் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்குதான் மாமா வீட்டு வாசலுக்கு வருகிறது. 0.4 மில்லிமீட்டர் கம்பியில் கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபல் போகும் என்று வைத்தால், கம்பி நீளம் 4 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. "எக்ஸ்சேஞ்ச் அவ்வளவு தூரம் இல்லையே?" என்றார் மாமா. காக்கை பறக்கிற தூரம் வேறு, கேபிள் போகிற தூரம் வேறு. கேபிள் தெருத்தெருவாக வளைந்து, பில்லர் பெட்டிக்குப் போய், அங்கிருந்து கம்பத்தில் ஏறி, வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிபி பாக்ஸ் வழியாகத்தான் வீட்டுக்கு வரும்.

இந்தத் தேய்மானம் எல்லா வாய்க்காலுக்கும் ஒன்றுபோல இல்லை. அதிர்வெண் கூடக்கூட மின்சாரம் கம்பியின் மேல்தோலிலேயே ஓடும். தடை கூடும், சிக்னல் சீக்கிரம் சாகும். ஏரி மதகைத் திறந்தால் தலைமடைக்காரருக்கு எல்லா வாய்க்காலிலும் தண்ணீர் பாயும். கடைமடைக்காரருக்குப் பள்ளமான இரண்டு வாய்க்கால் மட்டும் ஈரமாகும் இல்லையா, அதே கதை. 3 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் 1.1 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள வாய்க்கால்கள் ஏறக்குறைய எல்லாமே வறண்டவை. ஆகவே ஏடிஎஸ்எல்லிலிருந்து 2 பிளஸ்ஸுக்கு மாறியதில் எக்ஸ்சேஞ்ச் பக்கத்து வீட்டுக்காரருக்கு 20 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் கிடைத்திருக்கும், மாமாவுக்கு ஒன்றும் இல்லை. பிறகு வந்த விடிஎஸ்எல் இன்னும் மேலே 17 மெகாஹெர்ட்ஸ் வரை போனது. சிக்னல் புறப்படும் பெட்டி வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் அருமை. தள்ளி இருப்பவருக்கு அது பழைய வேகமேதான். அப்லோடு மட்டும் இந்த அடியில் தப்பித்துக்கொள்ளும், அதற்கு ஒதுக்கியது கீழ்மட்ட வாய்க்கால்கள் என்பதால். நெட் இவ்வளவு மோசமாக இருந்தும் பேரனின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்ப மாமாவுக்குச் சிரமமே இருந்ததில்லை.

இனி மார்ஜின். சத்தம் இப்போது இருப்பதைவிட எவ்வளவு கூடும்வரை இணைப்பு தாங்கும் என்பதற்கான கையிருப்பு அது. வழக்கமாக 6 டெசிபலைக் கையிருப்பாக வைத்துவிட்டு மீதியை எல்லாம் மோடம் வேகமாக மாற்றிவிடும். பழைய பிளானில் வரம்பு 2 என்பதால் வேகம் அங்கேயே நிறுத்தப்பட்டிருந்தது. மிச்சம் எல்லாம் கையிருப்பிலேயே தங்கியது. தோராயமாக 3 டெசிபலுக்கு வாய்க்காலுக்கு ஒரு பிட் என்று கணக்கு. அப்படிப் பார்த்தால் அப்போது மாமாவின் மார்ஜின் 13-ஐ ஒட்டி இருந்திருக்கும். 8-க்கு மாற்றியதும் மோடம் கஜானாவைக் காலி செய்து 3.6-ஐ எட்டிப் பிடித்தது. சாயங்காலம் சத்தம் 7 டெசிபல் ஏறினால் முன்பு ஒன்றும் ஆகாது; இப்போது இணைப்பே அறுந்துவிடும். இருந்ததையும் கெடுத்துக்கொண்டேன் என்று அவர் சொன்னது புலம்பல் இல்லை, சரியான நோயறிதல்.

சரி, சாயங்காலம் என்ன வருகிறது? அக்கம்பக்கத்து மோடம்கள் எல்லாம் ஓட ஆரம்பிக்கும். ஒரே கேபிளில் ஒட்டிக்கொண்டு போகும் ஜோடிகள் ஒன்றின் காதில் ஒன்று பேசும். மலிவு சார்ஜர், எல்இடி பல்பு எல்லாம் தம் பங்குக்கு இரையும். இன்னொன்று பலருக்குத் தோன்றாது: வானொலி. மத்திய அலை ஒலிபரப்பு 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை. ஏடிஎஸ்எல் வாய்க்கால்கள் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. சென்னை ஏ நிலையத்தின் 720 கிலோஹெர்ட்ஸை 4.3125-ஆல் வகுத்துப் பாருங்கள், 167-ஆவது வாய்க்கால். பகலில் வானத்தின் கீழ் அயன அடுக்கு இந்த அலைகளை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அது கலைந்துவிட, தூரத்து நிலையங்களும் மேலே பட்டுத் திரும்பி நம் ஊரில் இறங்கும். கம்பத்திலிருந்து மொட்டைமாடிக்கு இழுத்த டிராப் ஒயர் நல்ல ஏரியல்.

ஆனால் அப்படி ஆகக் கூடாது என்பதற்காகத்தான் இரண்டு கம்பிகளையும் முறுக்கி வைத்திருக்கிறார்கள். கிரகாம் பெல் 1881-இல் காப்புரிமை வாங்கிய யோசனை. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவு ஏறும், மோடம் பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, இரைச்சல் கழிந்துவிடும். இரண்டு கம்பியும் சரிசமமாக இருக்கும்வரை. ஒன்றில் மட்டும் ஒரு ஜாயின்ட் கெட்டால் அந்தச் சமம் போச்சு.

இங்கேதான் அத்தை வருகிறார். ரிசீவர் கீழே இருக்கும்போது கம்பியில் 48 வோல்ட் அழுத்தம் இருக்கும், மின்னோட்டம் ஓடாது. எடுத்தால் சில பத்து மில்லிஆம்பியர் ஓடும். களிம்பு ஏறிய ஜாயின்டில் அந்த ஓட்டம் களிம்பைக் குத்திக்கொண்டு வழி செய்துவிடும். கொஞ்ச நேரத்துக்கு ஜாயின்ட் நல்லபடியாக ஒட்டும், பிறகு மறுபடி களிம்பு மூடும். ரிசீவரை எடுத்தால் நெட் வருகிறது என்றால் வழியில் எங்கோ ஒரு ஜாயின்ட் கெட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ரிசீவரை எடுத்தால் நெட் போகிறது என்றால் பெரும்பாலும் பேச்சையும் நெட்டையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரின் கோளாறு, அது வேறு வைத்தியம். போன் முழுக்கச் செத்திருக்க நெட் மட்டும் நொண்டிக்கொண்டு ஓடுவதும் உண்டு: ஒரு கம்பி அறுந்திருக்கும், உயர் அதிர்வெண் அந்த இடைவெளியைத் தாண்டிக் கொஞ்சம் கசியும்.

லைன்மேன் வந்தார். நாங்கள் சொன்ன டெசிபலை எல்லாம் கேட்டுக்கொள்ளவில்லை. போனை எடுத்துக் காதில் வைத்தார், "கரகரங்குதே" என்றார், நேராக மாடிக்குப் போனார். கைப்பிடிச் சுவர் ஓரம், டிராப் ஒயர் இறங்கும் இடத்தில், யாரோ எப்போதோ முறுக்கிவிட்டு பிளாஸ்டிக் டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட். டேப்பைப் பிரித்ததும் உள்ளே தண்ணீர். ஒரு கம்பி செம்பு நிறம். மற்றது பச்சையாக, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. அதே முனையிலிருந்து பழைய எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்று எங்கும் போய்ச் சேராமல் சமையலறைப் பக்கம் தொங்கியது. அதில் போகும் சிக்னல் முனையில் மோதித் திரும்பி வந்து நல்லதையும் குழப்பும். அதையும் வெட்டி எறிந்தார். ஒரே துண்டாக புது ஒயர் இழுத்து, போன் செருகும் ரோசெட் பெட்டியில் நேராக முடித்தார்.

வேகம் 4.4 ஆனது. சாயங்காலத்து அறுபடல் நின்றது. அட்டெனுவேஷன் 51-க்கு வந்தது, அவ்வளவுதான். தூரத்தை லைன்மேன் என்ன செய்வார்? 8 வராது என்று மாமாவிடம் சொல்லி 4 எம்பிபிஎஸ் பிளானுக்கு இறக்கச் சொன்னேன்.

வேலூர்க்காரர்கள் எதற்கும் வெயிலைத்தான் குற்றம் சொல்வோம். செம்பின் தடை ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் கூடும் என்பது உண்மை; மார்கழி விடியலுக்கும் கத்திரி மதியத்துக்கும் 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம், எட்டு ஒன்பது சதவீதம் ஏறலாம். ஆனால் அது வெயிலில் தொங்கும் துண்டுக்கு மட்டும். மண்ணுக்குள் இருக்கும் கேபிளுக்கு அவ்வளவு சூடு ஏறாது. உண்மையான எதிரி ஐப்பசி மழை. கேபிளுக்குள் ஜெல்லி நிரப்புவதே தண்ணீர் புகாமல் இருக்க. சாக்கடைக்கோ குடிநீர்க் குழாய்க்கோ தோண்டும்போது மேலுறை கிழிந்தால் அந்த ஜெல்லி எவ்வளவு நாள் தாங்கும்?

இப்போது மாமா வீட்டில் ஃபைபர். கண்ணாடி இழையில் ஒளி கிலோமீட்டருக்கு 0.35 டெசிபல் அளவே இழக்கும். 52 போன இடத்தில் இப்போது ஒன்றரை. ஒரே இழையை 32 வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரில்தான் 15-க்கு மேல் போகிறது. வானொலி, அக்கம்பக்கத்து மோடம், களிம்பு எதுவும் அதைத் தொடாது. ஆனாலும் ஒரு எண் உண்டு: பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவு. அதை டிபிஎம்மில் சொல்வார்கள்; மைனஸுக்குப் பின்னால் எண் கூடக்கூட ஒளி குறைவு. சுமார் மைனஸ் 27 டிபிஎம் வரை பெட்டி தாங்கும். பொருத்திய நாளில் மைனஸ் 21 இருந்தது. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர் ஒயர் தொந்தரவாக இருக்கிறதென்று அதைக் காலண்டர் ஆணியில் இரண்டு சுற்று சுற்றிவிட்டார். வளைவு இறுகினால் ஒளி இழையை விட்டு வெளியேறிவிடும். பெட்டியில் சிவப்பு விளக்கு. அத்தை பழக்கதோஷத்தில் ரிசீவரை எடுத்துப் பார்த்திருக்கிறார். ஆணியிலிருந்து அவிழ்த்துவிட்டதும் மறுபடி மைனஸ் 21.