பேத்திக்கு முடிகிறது, தாத்தாவுக்கு ஏன் முடியாது?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: “என் மகள் 29 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். இன்குபேட்டரைவிட்டு வெளியே எடுக்காமலேயே உச்சந்தலையில் ஜெல் தடவி மூளையை ஸ்கேன் செய்தார்கள். மாமனாருக்குப் பக்கவாதம் வந்தபோது மட்டும் சிடி ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதே கருவியை அவர் தலையில் வைத்தால் ஆகாதா?”

காரணம் எலும்பு. அல்ட்ராசவுண்ட் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: காதுக்கு எட்டாத ஒலியை உள்ளே அனுப்பி, எதிரொலி திரும்பிவரும் நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடுகிறோம். மென்மையான திசுவில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் போகும். 3 செ.மீ. ஆழத்திலிருந்து எதிரொலி வந்துசேர ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 39 பங்கு நேரம் போதும்.

மண்டையோட்டில் இந்தக் கணக்கு குலைந்துவிடுகிறது. எலும்புக்குள் ஒலியின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஒரு பங்கு மோதித் திரும்புகிறது, இன்னொரு பங்கை எலும்பு விழுங்கிவிடுகிறது. தடிப்பும் இடத்துக்கு இடம் மாறுவதால், தப்பிப் போன ஒலி சில இடங்களில் முந்தியும் சில இடங்களில் பிந்தியும் போய்ச் சேர்கிறது. குளியலறையின் புடைப்புக் கண்ணாடி வழியாக வெளியே பார்ப்பது போலத்தான். 1940களில் ஆஸ்திரிய மருத்துவர் கார்ல் டூசிக், தலையின் ஒருபுறம் ஒலியை அனுப்பி மறுபுறம் வாங்கி மூளையைப் படமெடுக்க முயன்றார். அந்தப் படங்களில் பதிந்தது பெரும்பாலும் மண்டையோட்டின் தடிப்பு வேறுபாடுதான் என்பது 1950களில் தெரியவந்தது.

குழந்தைக்கு உச்சிக்குழி திறந்திருக்கிறது. பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை வயதுவாக்கில்தான் மூடும். அதுவரை அதன் வழியே மூளையின் நீர் அறைகள் கறுப்பாகவும், புதிய ரத்தக்கசிவு வெள்ளையாகவும் தெரியும். குறைமாதக் குழந்தைகளுக்கு அந்த அறைகளை ஒட்டிய நாளங்கள் மிக மெலிந்தவை. கசிவு பெரும்பாலும் முதல் மூன்று நாளில் வரும் என்பதால்தான் படுக்கையிலேயே திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.

உச்சிக்குழியைத் தொட்டால் மூளைக்கு ஆபத்து என்று பயப்படும் பாட்டிமார்களே, அங்கே இருப்பது உறுதியான சவ்வு. ஸ்கேன் கருவியின் கைமுனையை (புரோப்) மெதுவாக வைத்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த இடம் உள்வாங்கியிருந்தால் எண்ணெய் வைத்துக் காத்திருக்காதீர்கள். உடலில் நீர் வற்றியதன் அறிகுறியாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்த காட்சி முதுகில் இருக்கிறது. என் அக்கா மகன் பிறந்தபோது இடுப்புக்குக் கீழே சின்னக் குழி ஒன்று இருந்தது. அதிர்ஷ்டக் குறி என்றார்கள் உறவினர்கள். மருத்துவர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். குப்புறப் படுக்கவைத்து, வயிற்றுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்தார்கள். முதுகு வளைந்து எலும்புகளின் இடைவெளி கொஞ்சம் விரிந்தது. பிறந்த குழந்தைக்கு முதுகெலும்பின் பின்புற வளைவுகள் பெரும்பாலும் குருத்தெலும்புதான், அதனால் ஒலி உள்ளே போய்விடும். திரையில் தண்டுவடம் கருங்குழாயாகத் தெரிந்தது, நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு. முதல், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு அருகே தண்டுவடம் கூராக முடிந்தது. அப்புறம் குதிரைவால் போன்ற நரம்புக் கொத்து. அது இதயத் துடிப்புக்கேற்ப நீரில் மிதந்து அசைந்தது! தண்டுவடம் கீழே எங்காவது ஒட்டியிருந்தால் தாழ இழுக்கப்பட்டிருக்கும், இந்த ஆட்டமும் அடங்கியிருக்கும். வழக்கமான எம்ஆர்ஐ படம் அசையாது. இங்கே உயிரோட்டத்தையே பார்க்கிறோம். முதல் மூன்று நான்கு மாதம்தான் இந்த வசதி. பிறகு எலும்பு இறுகிவிடும். எங்கள் பையனுக்கு எல்லாம் சரியாக இருந்தது. அக்கா அழுதேவிட்டாள்.

சரி, மாமனாருக்கு வருவோம். பெரியவர்களுக்கும் நெற்றிப்பொட்டில், அதாவது கண்ணுக்கும் காதுக்கும் இடையே, எலும்பு மெலிந்திருக்கும். 1982இல் ரூனே ஆஸ்லிட் அங்கே 2 மெகாஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி மூளை நாளங்களின் ரத்த ஓட்டத்தை அளந்து காட்டினார். இன்றும் அது பயன்படுகிறது. ஆனால் வயதானவர்கள் பலருக்கு அங்கும் எலும்பு தடித்துவிடுகிறது. பக்கவாதத்தில் அடைப்பா கசிவா என்று நிமிடங்களில் தெரிய வேண்டும், அதற்குச் சிடிதான் நம்பகமானது. எலும்பு செய்யும் தாறுமாறைக் கணினியால் திருத்தும் ஆய்வுகள் நடக்கின்றன. முதியோர் பெருகிவரும் சிங்கப்பூர் இதற்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன். தள்ளுவண்டியில் வரும் கருவி கட்டிலருகே வந்து பார்த்துவிட்டால், உங்கள் மாமனாரைப் போன்றவர்களைப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்காது.