காசு கட்டினால்தான் பிள்ளையைக் காட்டுவீர்களா?

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ குடும்ப வழக்குப் பேசுகிற எந்தச் சட்டத்தரணிக்கும் இந்த இரண்டு வசனமும் மனப்பாடமாக இருக்கும். பிரிந்து வாழும் தாய் சொல்வது: "மாசக் காசு ஒழுங்காத் தாறேல்ல மிஸ், நான் ஏன் பிள்ளையைக் காட்டவேணும்?" தகப்பன் சொல்வது: "பிள்ளையைக் கண்ணிலயும் காட்டேல்ல, நான் ஏன் காசு கட்டவேணும்?" மற்றவர் முதலில் இறங்கி வரட்டும் என்று இருவரும் நிற்க, பிள்ளைக்குக் காசும் இல்லை, அப்பாவும் இல்லை.

சட்டம் இந்த இரண்டையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடவில்லை. போகிற நீதிமன்றமே வேறு. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி பிள்ளைக்கான காசை நீதவான் நீதிமன்றத்தில் கேட்கவேண்டும். விவாகரத்து வழக்கு நடப்பது மாவட்ட நீதிமன்றத்தில். பிள்ளை யாரிடம் இருப்பது, மற்றவர் எப்போது பார்ப்பது என்பதையும் அங்கேதான் தீர்மானிப்பார்கள். காசு வரவில்லையா, நீதவானிடம் சொல்லுங்கள். பிடியாணை வரை போகலாம், சம்பளத்தில் கழிக்கவும் கட்டளை கேட்கலாம். பிள்ளையைக் காட்டவில்லையா, கட்டளை தந்த மாவட்ட நீதிமன்றத்துக்கு நகர்த்தல் பத்திரம், அதாவது எழுத்தில் ஒரு விண்ணப்பம், போடுங்கள். ஒன்றுக்குப் பதிலாக மற்றதை நிறுத்தினால், அடுத்த தவணையில் நியாயம் உங்கள் பக்கம் இருக்காது.

ஆம்பிளைப் பிள்ளை தகப்பனுக்கு, பொம்பிளைப் பிள்ளை தாய்க்கு என்று ஊரில் ஒரு கதை உண்டு. அப்படிப் பொதுச் சட்டத்தில் எதுவும் இல்லை. (முஸ்லிம் திருமணங்களின் விவாகரத்து காதி நீதிமன்றத்துக்குப் போகும்; அது தனி விடயம்.) எங்கள் றோமன் டச்சுச் சட்டம் ஒரு காலத்தில் தகப்பனுக்கே முன்னுரிமை கொடுத்தது உண்மைதான். இன்று நீதிபதி முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனை. சின்னப் பிள்ளை பெரும்பாலும் தாயிடம்தான் விடப்படும். வளர்ந்த பிள்ளையென்றால் நீதிபதி தன் அறையில் வைத்துத் தனியாகப் பேசிப் பார்ப்பதும் உண்டு. சொல்லிக் கொடுத்து அனுப்பிய வசனம் அங்கே இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விடயம். இணக்கத்துக்கு வந்தபின் "இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் தகப்பன் பிள்ளையைப் பார்க்கலாம்" என்று ஒரே வரியில் எழுதி, கையெழுத்து வைத்து, அப்பாடா என்று போய்விடுகிறார்கள். தாய் மல்லாவியில், தகப்பன் புதுக்குடியிருப்பில் என்று வையுங்கள். மாங்குளத்தில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, ஒட்டுசுட்டான் தாண்டிப் போகவேண்டும். பஸ் காசு யாருடையது? பிள்ளையைக் கொண்டுவந்து விடுவது யார்? சனிக்கிழமை புலமைப்பரிசில் வகுப்பு இருந்தால்? தகப்பன் வெட்டு மெசின் ஓட்டுகிறவர் என்றால் காலபோக அறுவடை முடியும்வரை எந்தச் சனியும் வரமாட்டார். அவர் வராத நாளுக்குப் பதில் நாள் உண்டா? வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பிள்ளை யாரோடு போவது? இந்த வருசம் தாயோடு, அடுத்த வருசம் தகப்பனோடு என்று எழுதிவிட்டால் வைகாசியில் சண்டை இல்லை. வெளிநாட்டில் இருக்கிற தகப்பனுக்கு வட்ஸ்அப் அழைப்பின் நாளும் நேரமும் எழுதுங்கள்.

பிள்ளையைக் கைமாற்றுகிற இடத்தைப் பொலிஸ் நிலையம் என்று போடுவதை, அடிதடிப் பயம் இல்லாத வழக்குகளில் நான் விரும்புவதில்லை. அம்மம்மா வீடு, கோயில் வாசல், ஊர் நூலகம் என்று எத்தனை இடம் இருக்கிறது.

பிள்ளை திரும்பி வந்ததும் நடக்கிற சோதனை வேறு. பிள்ளையின் பையைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுப்பார்கள். இந்தச் சட்டை யார் வாங்கினது? அங்க ஆர் ஆர் நிண்டவை? அப்பம்மா என்னைப் பற்றி என்ன சொன்னவா? அடுத்த முறை அந்தப் பிள்ளை வயிற்றுக்குத்து என்று படுத்துவிடும். உடனே ஒரு தரப்பு "பார்த்தீங்களா, பிள்ளைக்குப் போக விருப்பமில்லை" என்று எங்களிடம் வரும்.

இன்னொன்றும் வன்னியில் அடிக்கடி வருகிறது. பிள்ளையைத் தன்னிடம் வைத்திருக்கக் கட்டளை பெற்ற தாய், பிறகு மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகிறார், பிள்ளை அம்மம்மாவிடம். கட்டளை தாயின் பெயரில்தான் இருக்கிறது, அது தன்பாட்டில் அம்மம்மாவுக்கு மாறிவிடாது. தகப்பன் அதை மாற்றக் கேட்டு நீதிமன்றம் போகலாம். வெளிநாடு போகுமுன் நீங்களே நீதிமன்றத்துக்கு அறிவித்து ஒழுங்கு செய்வது நல்லது. பிள்ளை தொடர்பான கட்டளையை விவாகரத்து முடிந்த பிறகும் மாற்றலாம் என்பது பலருக்குத் தெரியாது.

கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதியொன்றைப் பாடசாலை அதிபரிடம் கொடுத்து வையுங்கள். பள்ளிக்கூட வாசலில் வைத்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற சம்பவங்கள் நடக்கின்றன. வழக்கே போடாத நிலையில் அப்படி நடந்தால், பிள்ளையை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவை மாகாண மேல் நீதிமன்றத்தில் போடலாம். பிள்ளைக்கு ஆபத்து என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு உடனே எடுங்கள்.

காசில்லை என்று தள்ளிப்போட வேண்டாம், சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் வழி கேட்கலாம். சட்டத்தரணியிடம் வரும்போது விவாகப் பதிவுச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஏற்கெனவே வழக்கு இருந்தால் அதன் இலக்கம், காசு கட்டிய பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். பிள்ளையைக் கூட்டிவரத் தேவையில்லை; அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகட்டும்.