சிங்கிள் மால்ட்: 'ஒற்றைத் தானிய விஸ்கி' அல்ல

சிங்கிள் மால்ட்டைத் தமிழில் எழுத வந்தவர்கள் பலரும் 'ஒற்றைத் தானிய விஸ்கி' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பார்க்க நல்ல தமிழ்தான். பொருள்தான் வேறு சரக்கைக் காட்டுகிறது.

மால்ட் என்றால் முளைகட்டி உலர்த்திய தானியம், விஸ்கியில் வாற்கோதுமை. ஊறவைத்து, ஐந்து நாள்போல முளைக்கவிட்டு, முளை நீளுமுன் சூட்டில் உலர்த்துவார்கள். முளைக்கையில் சுரக்கும் நொதிகள் பிறகு மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். மதுரைத் தள்ளுவண்டிகளில் கிடைக்கும் கேப்பை மால்ட்டும் இதே சொல்தான். வெறும் மாவைக் காய்ச்சினாலும் அந்தப் பெயரே சொல்கிறோம், அது தனி வழக்கு.

குழப்பமெல்லாம் 'சிங்கிள்' என்பதில். அது எண்ணுவது ஆலையை. ஸ்காட்லாந்தின் 2009ஆம் ஆண்டு விதிப்படி ஒரே வடிசாலையில், தண்ணீரும் முளைகட்டிய வாற்கோதுமையும் ஈஸ்ட்டும் மட்டும் கொண்டு, வாலை என்ற வடிகலத்தில் வடித்து, 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு வைத்தது சிங்கிள் மால்ட். இதற்குப் பக்கத்திலேயே 'சிங்கிள் கிரெய்ன்' என்று இன்னொரு வகை உண்டு. அதில் கோதுமையோ மக்காச்சோளமோ சேரும். அதைத் தமிழில் என்னவென்று எழுதுவார்கள்? 'ஒற்றைத் தானியம்' அங்கேதான் போய் உட்காரும், அங்கும் அது பொய். தானியம் பெரும்பாலும் இரண்டு மூன்று இருக்கும். 'கலப்பற்ற விஸ்கி' இன்னும் மோசம். ஒரே ஆலையின் நூறு பீப்பாய்களைக் கலந்தாலும் அது சிங்கிள் மால்ட்தான். போத்தலில் போடும் வயது அவற்றில் இளையதன் வயது. 'தேறல்' என்று சங்க இலக்கியத்துக்கு ஓடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தேறல் தெளிந்த கள், காய்ச்சி வடித்தது அல்ல.

'ஓராலை மால்ட்' போதும். மால்ட்டைத் தமிழாக்கியே தீர வேண்டுமென்றால் 'முளைக்கூலம்' (கூலம் என்றால் தானியம்); ஆனால் கடையில் கேட்டால் யாருக்கும் புரியாது.

சுவைக்கும் பக்கமும் மொழிபெயர்ப்பாளர்கள் கையில் படாதபாடு படுகிறது. சிறு ஆலையின் மூன்று வயதுச் சரக்கில் முளைதானிய வாசமும் பச்சை ஆப்பிளும் பேரிக்காயும் முன்னே வரும். பீப்பாயின் மரம் இன்னும் அவற்றை அடக்கியிருக்காது. அதை 'இளமைத் துடிப்பு' என்று எழுதினால் என்ன தெரியும்? 'பீப்பாய்ப் பச்சை' என்றாலாவது கொஞ்சம் பிடிபடும். நனைந்த அட்டை வாசம் அடித்தால் அது பெரும்பாலும் இளமையால் வந்ததல்ல. வடிக்கும்போது கடைவடியை, அதாவது கடைசியில் வரும் வடிநீரை, வெட்டத் தாமதித்த குறை. மதுரைச் சித்திரை வெயிலில் அறைச்சூட்டிலேயே ஊற்றினால் சாராய ஆவிதான் முதலில் மூக்கைக் குத்தும். போத்தலைத் தண்ணீரில் வைத்து 20 டிகிரிக்கு இறக்கி, வாய் குறுகிய கிளாசில் 20 மில்லி ஊற்றி, வாயை லேசாகத் திறந்தபடி முகர வேண்டும். பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஐஸ் வேண்டாம், வாசம் அடங்கிவிடும். விழுங்கிய பின் தங்குவதை 'முடிவு நீளமானது' என்று பெயர்க்கிறார்கள். 'தொண்டையில் நிற்கிறது' என்று நம் ஊர்க்காரர் யாரானாலும் சொல்வாரே!