பயிற்சியாளருக்கும் ஓர் ஆசான் வேண்டும்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் சிறுவர்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்க வரும் இளைஞர்களோடு எனக்கு நல்ல பழக்கம் உண்டு. உழைப்பில் யாரும் குறை வைப்பதில்லை. பயிற்சியாளர் சான்றிதழான டி லைசென்ஸ் வாங்குகிறார்கள். ஸ்பெயின் நாட்டுப் பயிற்சி முறைகளை யூடியூபில் பார்த்து நோட்டில் வரைந்து வைத்துக்கொள்கிறார்கள். "நீங்கள் பயிற்சி தருவதை நேரில் பார்த்துக் குறை நிறை சொல்ல யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை. எனக்குக் கவலை தருவது அதுதான்.

லைசென்ஸ் வகுப்பு கட்டாயம் வேண்டும். வயதுக்கேற்ற பயிற்சி, குழந்தைகளின் பாதுகாப்பு, ஒரு மணி நேரத்தைத் திட்டமிடும் முறை எல்லாம் அங்கே கிடைக்கும். ஆனால் மைதானத்தில் எதைக் கவனிக்க வேண்டும், எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பதை அனுபவசாலி ஒருவரின் பக்கத்தில் நின்றுதான் கற்க முடியும்.

எனக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். இடது பின்களத்தில் ஆடும் பையன் ஒருவன், பாஸ் வரும்போதெல்லாம் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பந்தை வாங்குவான். திரும்புவதற்குள் எதிரணி பறித்துவிடும். "திரும்புடா, திரும்பு!" என்று வெளியே நின்றவர்கள் எல்லாம் கத்தினார்கள். ஐயா வாயே திறக்கவில்லை. மெதுவாக நடந்து போய், அவன் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டும் கோனை எடுத்துப் பக்கக்கோட்டின் மீதே வைத்துவிட்டு வந்தார். இப்போது அவனுக்குப் பின்னால் கோடு, முன்னால் மொத்த மைதானம். அடுத்த பாஸிலேயே தலையை நிமிர்த்தி, ஆளைப் பார்த்துப் பந்தைக் கொடுத்தான். "பையன் தடுமாறினால் அவனைத் திட்டுவதற்கு முன்னால் நீ அவனை எங்கே நிறுத்தியிருக்கிறாய் என்று பார்" என்றார் ஐயா. என் பயிற்சி முறை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து கிளைத்ததுதான்.

நம் நாட்டுக் கால்பந்தின் பொற்காலமே ஓர் ஆசிரியரின் கையில் உருவானது. ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீம் அடிப்படையில் பள்ளி ஆசிரியர். அவருடைய பயிற்சியில்தான் இந்தியா 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்தது. ஜகார்த்தாவில் 1962 இறுதி ஆட்டத்தில் கோல் அடித்த பி.கே. பானர்ஜி, பின்னாளில் தாமே பெயர்பெற்ற பயிற்சியாளரானார்.

ஆசானைப் பின்பற்றுவது வேறு, நகலெடுப்பது வேறு. போர்ச்சுகல் நாட்டுப் பயிற்சியாளர் ஜோசே மொரின்யோவைப் பாருங்கள். இங்கிலாந்துப் பயிற்சியாளர் பாபி ராப்சனுக்கு மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து, அவரோடு 1996-இல் பார்சிலோனா கிளப்புக்குப் போனார்; அடுத்து அங்கு பயிற்சியாளராக வந்த லூயி வான் காலிடம் உதவியாளராக இருந்தார். வான் கால் பந்தைத் தம் அணியின் காலிலேயே வைத்திருக்க விரும்பியவர். ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் 2010 இறுதி ஆட்டத்தில் அவருடைய பேயர்ன் மியூனிக்கை மொரின்யோவின் இன்டர் மிலான் 2-0 என்று வென்றது. பந்து பெரும்பாலும் பேயர்னிடம்தான் இருந்தது. இன்டர் பொறுத்திருந்து எதிர்த்தாக்குதலில் கோல் அடித்தது. ஆசானிடமிருந்து நுணுக்கமான தயாரிப்பைக் கற்றவர், ஆட்டத்தைத் தம் வழியில் அமைத்துக்கொண்டார்.

நம் ஊருக்கும் இது பொருந்தும். நாம் ஆடும் பள்ளி மைதானங்களில் பல, கோடையில் காய்ந்து கல்லாகும் செம்மண் தரைகள். பந்து முழங்கால் உயரத்துக்கு எகிறும். புல்தரைக்கென்று வகுத்த குறும்பாஸ் பயிற்சியை அப்படியே இங்கே இறக்கினால், பையன்கள் பந்தோடு போராடியே களைத்துப் போவார்கள். எகிறும் பந்தைத் தொடையிலும் மார்பிலும் அடக்கப் பழக்கிவிட்டு மற்றதற்குப் போக வேண்டும். இந்தத் தரையில் முப்பது வருடம் நின்றவருக்கு அது தெரியும். வீடியோவுக்குத் தெரியாது.

கவனமாக இருக்க வேண்டிய இடமும் ஒன்று உண்டு. ஆசானிடமிருந்து நல்லது மட்டும் வருவதில்லை. தோற்றால் வெயிலில் பத்துச் சுற்று ஓடவிடுவது, எல்லார் முன்னிலும் பட்டப்பெயர் சொல்லித் திட்டுவது போன்ற பழக்கங்களும் தலைமுறை தாண்டி வருகின்றன. "என்னை அப்படித்தான் வளர்த்தார்கள்" என்று பெருமையாகச் சொல்கிறவர்களை நான் இன்றும் சந்திக்கிறேன். அந்த முறையில் மனம் நொந்து ஆட்டத்தை விட்டுப் போனவர்கள் இதைச் சொல்ல மைதானத்துக்கு வருவதில்லை. ஓட்டத்தைத் தண்டனையாக்கினால் குழந்தை ஓடுவதையே வெறுக்கும். மரியாதையை வைத்துக்கொண்டே அந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுவிடலாம். நல்ல ஆசான் அதற்காக வருந்தமாட்டார்.

பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ புதிதாகப் பயிற்சி தொடங்கியிருக்கிறீர்களா? உங்கள் ஊரில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியரையோ பழைய ஆட்டக்காரரையோ தேடிப் போய், மாதம் ஒரு நாள் மைதானத்துக்கு வந்து அமரச் சொல்லுங்கள். ஓசூரில் இருப்பவர்களுக்குப் பெங்களூரு பக்கம்தான். அங்கே மூத்த பயிற்சியாளரிடம் அனுமதி கேட்டு, ஒரு நாள் முழுக்க ஓரமாக நின்று பார்க்கலாம். பயிற்சி முடிந்ததும் "நன்றாக இருந்ததா?" என்று கேட்காதீர்கள், "நான் கவனிக்காமல் விட்ட பையன் யார்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயரை நோட்டில் குறித்துக்கொண்டு, மறுநாள் பயிற்சியை அந்தப் பையனிடமிருந்து தொடங்குங்கள்.