அரெக்கெயிடின்

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலையே பாக்குச் சேகரிக்கும் பாக்குத்தெண்டல் சடங்கோடு தொடங்கும் வன்னியில் பாக்கைப் பற்றி ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆனால் சீவலோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் வாய்க்குள் உருவாகும் அரெக்கெயிடினின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

பாக்கின் முதன்மையான அற்கலோயிட்டு (செடிகள் உருவாக்கும், நைதரசன் கொண்ட காரத்தன்மைப் பொருள்) அரெக்கொலின். அது ஒரு மெதைல் எசுத்தர், அதாவது ஓர் அமிலமும் மெதனோலும் இணைந்த பொருள். வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு, அதாவது கல்சியம் ஐதரொட்சைட்டு, அந்த எசுத்தர் பிணைப்பை அறுக்கிறது. மெதனோல் கழன்றுபோக, எஞ்சும் அமினோ அமிலமே அரெக்கெயிடின். உயர்தர வகுப்பில் கார நீர்ப்பகுப்பு என்று படிப்பது இதைத்தான். சவர்க்காரம் செய்வதும் இதே தாக்கத்தால்தான். பாக்கிலுள்ள குவாகொலினும் இதே வழியில் குவாசினாகிறது. சுண்ணாம்பு இல்லாமல் வெறும்பாக்கு மென்றாலும், உடலுக்குள் போன அரெக்கொலினை நொதியங்கள் உடைத்து அரெக்கெயிடின் ஆக்கிவிடும்.

உடைந்தபின் குணமும் மாறுகிறது. எச்சில் ஊறுவதும் வியர்ப்பதும் அரெக்கொலின், அசற்றைல்கோலின் என்னும் நரம்புக் கடத்தியைப் போல நடிப்பதால். அரெக்கெயிடினுக்கு அந்த நடிப்பு வராது. அது காபா என்னும் இன்னொரு நரம்புக் கடத்தியை உயிரணுக்கள் திரும்ப உள்ளெடுப்பதைத் தடுக்கும். நாக்கை நீட்டி "நல்லாச் சிவந்திட்டுதோ?" என்று கேட்பவர் பார்ப்பது இவை இரண்டையும் அல்ல. அந்தச் சிவப்பு, பாக்கின் துவர்ப்புப் பொருள்கள் காரத்தில் ஒட்சியேறுவதால் வருவது. புகையிலை சேர்க்காத வெற்றிலைபாக்கும் புற்றுநோய் தருவது என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்தியது. அங்கே பயமுறுத்துபவற்றில் வேறு விளைபொருள்களும் உண்டு: பாக்கின் அற்கலோயிட்டுகள் நைத்திரோசேற்றம் அடைந்து பிறக்கும் நைத்திரோசமீன்கள்.

பெயரின் வேர் நம் பக்கத்தில்தான். அடை என்றால் இலை, வெற்றிலை. அதோடு போடும் காய் அடைக்காய். மலையாளத்து அடைக்கா போர்த்துக்கேயர் வாயில் அரெக்காவாகி, 1753இல் லின்னேயசு கமுகுக்கு இட்ட அறிவியற் பெயரிலும் ஏறியது. 1888இல் ஜேர்மன் வேதியியலாளர் யான்சு அரெக்கொலினைப் பற்றி எழுதியபோது அந்த வேரையே எடுத்தார். குவாசின் என்ற பெயரோ கமுகைக் குறிக்கும் வடமொழிக் குவாகத்திலிருந்து வந்தது.

தமிழில் என்ன சொல்லலாம்? அற்கலோயிட்டைக் காரப்போலி என்பதும் வழக்கு. அதன்படி அரெக்கொலினைப் பாக்குக் காரப்போலி எனலாம். அரெக்கெயிடினைப் பாக்கமிலம் என்றால் அழகாக இருக்கும், ஆனால் குவாசினும் பாக்கிலிருந்து வரும் அமிலம்தானே. குவாசினின் நைதரசனில் ஒரு மெதைல் கூட்டம் சேர்ந்ததே அரெக்கெயிடின் என்பதால், பாக்கமிலத்தைக் குவாசினுக்குக் கொடுத்துவிட்டு, இதை மெதைல் பாக்கமிலம் என்பதே என் தெரிவு.