என்புச் சாந்து, என்புக் காரை: ‘போன் சிமென்ட்’ – சொல் விளக்கம்

மதுரை ஆஸ்பத்திரிகளில் ‘போன் சிமென்ட்’ அன்றாடம் புழங்கும் சொல். முழங்கால் மூட்டு மாற்றப் போகிறவரின் வீட்டாரே, “சிமென்ட் வச்சா, வைக்காமலா டாக்டர்?” என்று கேட்கிறார்கள். இந்த ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் உலவுகின்றன. ஒன்று அக்ரிலிக் பிளாஸ்டிக். செயற்கை மூட்டை எலும்புக்குள் அசையாமல் பிடித்து நிறுத்தும், கரையாது. மற்றது கால்சியம் பாஸ்பேட் தூள். நீரில் குழைத்தால் எலும்பின் தாதுவை ஒத்த பொருளாக இறுகும். வேதியியலில் இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. தமிழில் இரண்டையும் ‘எலும்புச் சிமென்ட்’ என்று எழுதிவிட்டுப் போனால், படிக்கிற மாணவருக்கு முதல் பக்கத்திலேயே குழப்பம்.

லத்தீனில் ‘கைமென்டும்’ என்றால் உடைத்த கற்சில்லு. வெட்டுதலைக் குறிக்கும் ‘கைடெரே’ என்ற வினையிலிருந்து வந்தது. சில்லுகளைச் சேர்த்துக் கட்டும் கலவைக்கு அந்தப் பெயர் பிற்பாடுதான் நகர்ந்தது. 1824-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை பெற்றார். தமிழில் அது சிமெண்டு, சிமிட்டி ஆயிற்று, ஈழத்தில் சீமெந்து. கலைச்சொல்லாக்கத்தில் பைஞ்சுதை.

எலும்புக்குள் இது நுழைந்தது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். ஜெர்மனியில் தெமிஸ்டோக்ளிஸ் குளுக் யானைத் தந்தத்தில் மூட்டு செய்து, குங்கிலியம் போன்ற பிசினோடு நுரைக்கல் (பியூமிஸ்) தூளும் ஜிப்சமும் கலந்து பொருத்திப் பார்த்தார். 1892-இல் டிரீஸ்மன் எலும்புக் குழிகளைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கொண்டு நிரப்பியதை எழுதினார். இன்றைய அக்ரிலிக் வகையை நிலைநாட்டியவர் ஆங்கில எலும்பு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி. 1958-இல் இடுப்பு மூட்டுக்குப் பயன்படுத்தினார். பல்செட் செய்யும் அக்ரிலிக்கை அவருக்குச் சுட்டிக்காட்டியவர் மான்செஸ்டரின் பல் மருத்துவப் பொருளியலாளர் டென்னிஸ் ஸ்மித்.

இந்த அக்ரிலிக் ஒட்டும் பசை இல்லை. எலும்பின் நுண்துளைகளுக்குள் அழுத்தி ஏற்றப்பட்டு, இறுகியபின் பூட்டிக்கொண்டு நிற்கிறது. வழக்கமான பொதியில் 40 கிராம் தூளும் 20 மில்லி திரவமும் இருக்கும். தூளில் பாலிமரோடு பென்சாயில் பெராக்சைடு, எக்ஸ்ரேயில் தெரிவதற்குப் பேரியம் சல்பேட் அல்லது சிர்கோனியா. திரவத்தில் மோனோமரும், வினையைத் தூண்டும் டைமெத்தில் பாரா டொலுவிடினும். கலந்ததும் சூடேறும். பொதியும் அறையும் சூடாக இருந்தால் முன்கூட்டியே இறுகிவிடும்; மே மாத மதுரையில் பொதியைக் குளிர்ந்த இடத்தில் வைக்கச் சொல்வதன் காரணம் இதுதான். இதற்குப் புழங்கும் பெயரே போதும்: அக்ரிலிக் எலும்புச் சிமென்ட்.

தமிழ்ப் பெயர் தேவைப்படுவது இரண்டாவது பொருளுக்கு. 1980-களில் அமெரிக்காவில் பிரௌனும் சௌவும், டெட்ராகால்சியம் பாஸ்பேட்டையும் டைகால்சியம் பாஸ்பேட்டையும் நீரில் குழைத்தால் உடல் வெப்பத்திலேயே, எலும்பின் தாதுவை ஒத்த ஹைட்ராக்ஸி அபடைட்டாக இறுகுவதைக் காட்டினார்கள். நம் பக்கத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் ‘சித்ரா’ என்ற பெயரில் இவ்வகைக் கலவையை உருவாக்கியிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் தொடங்குவதற்கு எளிய வழி ஆல்பா டிரைகால்சியம் பாஸ்பேட்.

அதைச் செய்ய, 10 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு 27.2 கிராம் நீரற்ற டைகால்சியம் பாஸ்பேட். நன்றாக அரைத்துக் கலந்து 1300 முதல் 1400 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சுட வேண்டும். பிறகு உலையிலேயே ஆறவிடாமல், சுடச்சுட வெளியே எடுத்து வேகமாகக் குளிர்விக்க வேண்டும். மெல்ல ஆறினால், ஏறத்தாழ 1125 டிகிரிக்குக் கீழே அதே சேர்மத்தின் இன்னொரு படிக வடிவமான பீட்டாவாக மாறிவிடும். பீட்டா, நீரில் இந்த முறையில் இறுகாது. பல கல்லூரிகளில் இருக்கும் மஃபிள் உலை 1200 டிகிரியோடு நின்றுவிடும். கணக்குப்படி 1125-ஐத் தாண்டிவிட்டதே என்று அதிலேயே சுடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் பீட்டா கலந்த தூள்தான் கிடைக்கும். குற்றவாளி மக்னீசியம். மூலப்பொருளில் கொஞ்சம் இருந்தாலே அது பீட்டாவை நிலைப்படுத்தி, மாறும் வெப்பநிலையை மேலே தள்ளிவிடும். முட்டை ஓட்டிலிருந்து கால்சியம் எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். ஓட்டில் மக்னீசியம் உண்டு. எந்தப் படிக வடிவம் என்று காட்டும் எக்ஸ்ரே விளிம்பு வளைவுச் சோதனை (எக்ஸ்ஆர்டி) பார்க்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

சுட்டதைச் சில மைக்ரான் அளவுக்கு அரைத்து, 100-க்கு 2 பங்கு ஹைட்ராக்ஸி அபடைட் தூளை விதையாகச் சேர்க்கலாம். 10 கிராம் தூளுக்கு 3.5 மில்லி திரவம், திரவம் 2.5 விழுக்காடு டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசல். வாலை வடிநீரே வேண்டும், போர் தண்ணீர் ஆகாது. ஒரு நிமிடம் அழுத்திக் குழைக்க வேண்டும். இறுகும் நேரத்தைக் கில்மோர் ஊசிகளால் பார்ப்பார்கள்: 113.4 கிராம் எடையும் 2.12 மில்லிமீட்டர் முனையும் கொண்ட ஊசி தடம் பதிக்காத நேரம் முதல் இறுக்கம், 453.6 கிராம், 1.06 மில்லிமீட்டர் ஊசி தடம் பதிக்காத நேரம் முழு இறுக்கம். முதலாவது 3 முதல் 8 நிமிடத்திலும், இரண்டாவது 15 நிமிடத்துக்குள்ளும் வந்தால் அறுவை அரங்குக்குப் பொருந்தும். முழு இறுக்கம் வந்ததும் வினை முடிந்துவிட்டதாக எண்ணக் கூடாது; 37 டிகிரியில் ஈரத்திலேயே நாட்கணக்கில் வலு ஏறிக்கொண்டிருக்கும்.

கெடும் இடங்கள் மூன்று அடிக்கடி வரும். சிரிஞ்சில் அழுத்தும்போது திரவம் மட்டும் முன்னால் வந்து தூள் உள்ளே கட்டியாக நின்றுவிடும். தூளின் பருமனையும் திரவ அளவையும் மாற்றிப் பார்க்க வேண்டும். ரத்தம் பட்டால் இறுகுமுன் கலைந்து ஓடும். ஹைட்ராக்ஸிப்ரொப்பைல் மெத்தில் செல்லுலோஸ் அல்லது ஆல்ஜினேட் சேர்த்தால் கட்டு நிற்கும். மூன்றாவது, கிருமிநீக்கம். நீராவியில் வைத்தால் தூள் அங்கேயே வினைபுரிந்து பாழாகும். காமாக் கதிர் வழக்கமான வழி. தூளைச் சேமிக்கும்போதும் ஈரம் படக் கூடாது.

‘பயோகம்பாட்டிபிள்’ என்பதற்கு உயிரிணக்கம் என்ற சொல் நிலைபெற்று வருகிறது, நல்ல சொல். ஆனால் அது தூளுக்குள் அடங்கிய குணம் அல்ல. ஒரு குறிப்பிட்ட வேலையில் உடம்பு அதற்கு ஏற்ற முறையில் எதிர்வினை காட்டுகிறதா என்பதே டேவிட் வில்லியம்ஸ் முதலானோர் 1986-இல் செஸ்டர் கூட்டத்தில் ஏற்ற வரையறை. மண்டையோட்டுக் குழிக்கு இணக்கமான சிமென்ட், முதுகெலும்பின் சுமைக்கு ஆகாமல் போகலாம். அமுக்கத்தைத் தாங்கும், இழுவையிலும் முறுக்கிலும் நொறுங்கும். செல் சோதனையில் உயிரோடு இருப்பவை 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் நச்சு என்று மருத்துவச் சாதனங்களுக்கான பன்னாட்டுத் தரநிலை ஐஎஸ்ஓ 10993-5 கொள்கிறது. ஜப்பானிய ஆய்வாளர் கோகுபோவின் செயற்கை உடல்நீரில், 36.5 டிகிரியில், 7.40 அமிலக்காரக் குறியீட்டில் மேலே அபடைட் படிவது நல்ல அறிகுறி. அதை மட்டும் வைத்து உயிரிணக்கம் என்று எழுதுவது தவறு.

இனி பெயர். பைஞ்சுதை கட்டடச் சிமென்ட்டோடு ஒட்டிப்போய்விட்டது. சுதை என்றதும் மதுரைக்காரர் கண்ணில் கோபுரத்துப் பொம்மைதான் நிற்கும். செட்டிநாட்டு வீடுகளிலும் திருமலை நாயக்கர் மகாலிலும் பழுது பார்க்கும் கொத்தனார்களின் பேச்சில் இன்னும் பொருத்தமான சொற்கள் இருக்கின்றன: சுண்ணாம்பைக் குழைத்த நிலையில் சாந்து, சுவரில் ஏறி இறுகியபின் காரை. கால்சியம் பாஸ்பேட் வேலையில் நமக்கு வேண்டிய பிரிவும் இதுவே. குழைவுநிலையின் குணங்கள் வேறு, இறுகியதன் குணங்கள் வேறு. எலும்புக்கு ‘என்பு’ குறளிலேயே உள்ளது. ஈழத்து மருத்துவ நூல்களில் இன்றும் வழங்குகிறது. ஆக, குழைத்தது என்புச் சாந்து, இறுகியது என்புக் காரை. ‘காரை பெயர்ந்தது’ என்ற வழக்கு மனத்தில் வந்து உறுத்தும் என்று சிலர் தயங்குகிறார்கள். நொறுங்கும் குணம் இந்தப் பொருளுக்கு உண்மையிலேயே இருப்பதால் அந்த நினைவு வருவதில் கெடுதல் இல்லை.

மற்றவை இவற்றிலிருந்து எளிதாகப் பிறக்கும்: தூள் காரைத்தூள், சிரிஞ்சில் ஏற்றுவது ஊசிவழிச் சாந்து, ரத்தத்தில் கலைவது சாந்து கலைதல், திரவம் பிரிவது சாந்து பிழிதல். அமிலத்தில் இறுகி விரைவாகக் கரையும் புரூஷைட் வகையைப் புரூஷைட் காரை என்றும், மெல்லக் கரையும் மற்றதை அபடைட் காரை என்றும் தனித்தனியே எழுத வேண்டும்.